மூணாவது ஓலை

தென்காசியில எனக்கு ஒரு சோலியும் கெடையாது அண்ணாச்சி. நீங்க கேட்டியள்லா, அதான் உள்ளதைச் சொல்லுதேன். இன்னைக்கு என் கூடப்பொறந்த தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். பத்தரை மணிக்கு ஆராதனை. நான் தாய்மாமன். ஒரே ஒரு தாய்மாமன். கல்யாணம் அங்க, கெழக்க, கடக்கரைப் பக்கம் எங்க ஊர்ல. நான் மேக்க போற பஸ்ல உக்காந்து உங்ககிட்ட பேசிட்டு வாரேன்.

இல்ல இல்ல, சண்டை இல்ல. சண்டை போட்டுட்டு வந்திருந்தா நான் ஏன் இவ்வளவு சந்தோசமா இருக்கப் போறேன்? இது தாழ்மை. நீங்க நெத்தியில திருநீறு போட்டிருக்கிய, எங்க கோயில் சங்கதி உங்களுக்குப் புரியுமான்னு தெரியல. புரியாட்டா கேளுங்க, சொல்லுதேன். கண்டக்டருக்கும் புரியல. பஸ் ஸ்டாண்டுல வச்சே அவருக்கு ஒரு தடவை ஆரம்பிச்சேன். டிக்கெட் போடணும்னு பாதியில போனவருதான், இன்னும் இந்தப் பக்கம் வரல பாத்தியளா.

எம்பேரு எப்பிராயீம். எங்க பக்கம் எப்பிராயீம் மாஸ்டர்னா தெரியும். பி.டி. மாஸ்டர். முப்பத்தி நாலு வருசம் விசில் ஊதியிருக்கேன். எங்க சபையில என்னைய விடத் தாழ்மையான ஆள் ஒருத்தரை நீங்க காட்டிர முடியாது. இதை நான் பெருமைக்குச் சொல்லலை. இந்த லெந்துல அது ஊருக்கே தெரிய வந்துட்டுது.

லெந்துன்னா ஈஸ்டருக்கு முன்னால நாப்பது நாள். கறி திங்க மாட்டோம், கல்யாணம் வைக்க மாட்டோம், புதன்கிழமைதோறும் சாயங்காலம் கோயில்ல கூட்டம் வைப்போம். வழக்கமா கூட்டத்துக்கு வாரவரு மைக்கைப் பிடிச்சாருன்னா தென்னமரத்துல காக்கா தங்காது. அழ வைப்பாரு, சிரிக்க வைப்பாரு, நரகத்தைக் காட்டிட்டு, ஏழு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவாரு. இந்தத் தடவை எங்க ஐயர் ஒரு படிச்ச ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாரு. ஐயர்னா எங்க பாஸ்டர், அண்ணாச்சி. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். பூணூல் கெடையாது, வெள்ளை அங்கி.

வந்தவரு பேரு டாக்டர் பாக்கியநாதன். ஊசி போடுத டாக்டர் இல்ல, வேதசாஸ்திரக் கல்லூரியில புரொபசர். கிரேக்கம், எபிரேயம் எல்லாம் படிச்சவரு. ஆளு ஒல்லி, அரைக்கை சட்டை, கண்ணாடி. பேசுனா முன் பெஞ்சுக்கே அரைகுறையாத்தான் கேக்கும். ஒரு அல்லேலூயா கெடையாது, மேசையில ஒரு தட்டு கெடையாது. மொதப் புதன்கிழமை முடிஞ்சி வெளிய வரும்போது பாதிப்பேரு, ‘என்ன, பிரசங்கம் ஆரம்பிக்கவே இல்லையே?’ன்னாவ.

ஆனா நான் கவனமாக் கேட்டேன். தாழ்மைன்னா என்னன்னு அவரு கேட்டாரு. மங்களராஜ் கையைத் தூக்கிட்டான். மங்களராஜ் எங்க கமிட்டி செக்ரட்டரி, எதுக்கும் முந்திக்கிடுவான். ‘நான் ஒண்ணுமில்ல, வெறும் தூசின்னு நினைக்கிறதுதான் ஐயா’ன்னான். டாக்டர் சிரிச்சாரு. ‘தூசின்னு நாள் முழுக்க நினைச்சாலும் உங்களைப் பத்தித்தானே நினைச்சிக்கிட்டு இருக்கீங்க’ன்னாரு. எனக்கு மங்களராஜ் மூஞ்சியைப் பாத்து அம்புட்டு ஆறுதல். பெறகு அவரே சொன்னாரு, ‘ஒருத்தர் பக்கத்துல இருக்கும்போது மத்தவங்களுக்கு மூச்சுவிட எடம் இருந்தா, அவரு தாழ்மையான ஆளு.’

நான் ஒண்ணு கேட்டா உடனே செய்யிற ஆளு. அந்த நிமிசமே பெஞ்சுல ஒரு அடி நகந்து உக்காந்தேன். அந்தக் கடைசியில உக்காந்திருந்த பால்காரத் தங்கராஜ் கீழ விழுந்துட்டாரு. அது வேற விசயம்.

அடுத்த புதன் ஆவிக்குரிய வளர்ச்சி. வளர்ந்தா நம்ம நல்லவனாத் தெரிய மாட்டோமாம் அண்ணாச்சி, மோசமானவனாத்தான் தெரிவோமாம். பழைய அடுப்படியில ஒரு சின்ன பல்பு தொங்குது. அதைக் கழட்டிட்டு டியூப்லைட் போடுங்க. செவுரு பூரா கரி. ‘கரி கூடலை, வெளிச்சம்தான் கூடியிருக்கு’ன்னாரு. அதனால தன்னைப் பெரிய பாவின்னு எவன் காங்கிறானோ அவன்தான் வளர்ந்தவன். எனக்கு இது சட்டுனு பிடிபட்டுட்டு. அப்போ யாரு ரொம்பப் பெரிய பாவியோ அவன்தான் மொத எடம். இல்லையா?

மூணாவது புதன்கிழமை கடைசி ஜெபத்துல டாக்டர், ‘அவங்கவங்க மனசுக்குள்ள கடவுள்கிட்ட சொல்லுங்க’ன்னாரு. மனசுக்குள்ளன்னு தெளிவாத்தான் சொன்னாரு. மங்களராஜ் எந்திரிச்சிட்டான். ‘நான் மகா பாவி’ன்னு ஆரம்பிச்சி, இருவத்தி ரெண்டு பாவம் சொன்னான். சனம் அப்படியே உருகிட்டு. நூறு மீட்டர்ல ஒருத்தன் முன்னால ஓடுனா பி.டி. மாஸ்டர் பாத்துட்டு நிக்க முடியுமா? நான் எந்திரிச்சி முப்பத்தி ஒண்ணு சொன்னேன். சோனல் வாலிபால்ல நம்ம பய கை நெட்டுல பட்டதைப் பாத்தும் விசில் ஊதாதது, கிறிஸ்மஸ் பவனியில அடுத்தவரு குடையை எடுத்துட்டுப் போனது, நீளமா ஜெபம் பண்ணுதவங்களைக் கண்ணைத் திறந்து பாத்தது, எல்லாம் சொன்னேன். அதுக்கடுத்த வாரம் அவன் நாப்பது. நான் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிச்சேன். நாப்பது பக்க நோட்டு, மார்ஜின் போட்டு, நம்பர் போட்டு. லெந்து முடியும்போது அவன் அறுவத்தி ஏழு, நான் நூத்திப் பதினாலு. கிட்டவே வர முடியல.

கடைசிப் புதன்கிழமை அந்த நோட்டை எடுத்துட்டு டாக்டரைப் பாக்க குருமனைக்கு, அதான் ஐயர் வீட்டுக்கு, போனேன். ஒரு பக்கம் விடாம வாசிச்சாரு. வாசிச்சிட்டு, ‘நல்ல கையெழுத்து’ன்னாரு. பெறகு, ‘மாஸ்டர், பெர்சிஸ் யாரு?’ன்னு கேட்டாரு.

நோட்டுல அந்தப் பேரே இல்ல. ‘நீங்க வந்து உக்காந்ததுல இருந்து மூணு தடவை அந்தப் பேரைச் சொன்னீங்க’ன்னாரு. சொல்லியிருப்பேன். எங்க தங்கச்சி மகளாச்சே, பேச்சுல வரும்லா.

பெர்சிஸ்தான் இன்னைக்குக் கல்யாணப் பொண்ணு. முப்பத்தெட்டு வயசு. ஏன் இவ்வளவு நாளுன்னு கேக்கிய. அதைச் சொல்லணும்னா பன்னெண்டு வருசம் பின்னால போவணும்.

அப்போ அவளுக்கு இருவத்தாறு. நர்ஸ் படிச்சிட்டுத் தூத்துக்குடியில வேலை பாத்தா. எங்க மச்சான், அவ அப்பா, இறந்து ரெண்டு வருசம் ஆவுது. அப்பா இல்லாத பிள்ளைக்கு அப்பா எடத்துல யாரு? நான்தான. ஒரு ஞாயித்துக்கிழமை கோயில்ல உக்காந்திருக்கேன், ஐயர் ஓலை வாசிக்காரு. பனையோலை இல்ல அண்ணாச்சி. எங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு கோயில்ல வாசிக்கணும். இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், இவங்க சேரக் கூடாதுங்கிறதுக்குத் தடை ஏதாவது தெரிஞ்சவங்க உண்டுமான்னு சபையைப் பாத்துக் கேப்பாவ. மொத ஓலை, ரெண்டாவது ஓலை, மூணாவது ஓலை. ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாவ. கோயில் கட்டுன நாள்ல இருந்து ஒருத்தரும் எந்திரிச்சது கெடையாது. அந்தக் கேள்வி கேக்கும்போது பொம்பளையள் அடுத்த பாட்டு நம்பரைத் தேடிட்டு இருப்பாவ.

அன்னைக்கு ஐயர் பெர்சிஸ் பேரை வாசிக்காரு. எனக்கு அப்பத்தான் தெரியும்! நானூறு பேரோட நானூத்தி ஒண்ணா உக்காந்து தாய்மாமன் கேக்கேன். லில்லி வந்து சொல்லலையான்னு கேப்பிய. லில்லி என் தங்கச்சி. வந்தா. ரெண்டு தடவை வந்தா. மொதத் தடவை நான் கிரவுண்டுல இருந்தேன். ரெண்டாந் தடவை வீட்டுலதான் இருந்தேன், குளிச்சிட்டு இருந்தேன். ஒரு மணி நேரம் உக்காந்து பாத்துட்டுப் போயிட்டாளாம். வெயில் காலம், ஒரு மனுசன் ஒரு மணி நேரம் குளிக்கக் கூடாதா? மூணாவது தடவை வரணும்லா? தாய்மாமனுக்கு மூணு தடவை வந்து சொல்லணும். அது மொறை. யாரு வச்ச மொறைன்னு எங்க வீட்டுக்காரி கேட்டா. நான் மறுபடியும் குளிக்கப் போயிட்டேன்.

ரெண்டாவது ஓலைக்கும் பொறுத்தேன். மூணாவது ஓலைக்கு எந்திரிச்சேன். ‘தடை உண்டு’ன்னேன். என் சத்தம் கிரவுண்டு சத்தம், மைக் வேண்டாம். மாப்பிள்ளைக்கு ஏற்கனவே வேற ஊர்ல நிச்சயம் ஆயிருக்குன்னு சொன்னேன். நானா இட்டுக்கட்டலை. டீக்கடையில ஒருத்தன் சொன்னான். நிச்சயம் ஆனது அந்தப் பையனோட அண்ணனுக்குன்னு பெறகுதான் தெரிஞ்சுது. ரெண்டு பேரும் ஒரே ஜாடை, நான் என்ன செய்ய? விசாரணைக் கமிட்டி வச்சாவ, விசாரிச்சாவ, ரெண்டு மாசம் போச்சி. நான் சொன்னது தப்புன்னு எழுதிக் குடுத்தாவ. அதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, ‘தாய்மாமனே எந்திரிச்சி நிக்கிற வீட்டுல எங்களுக்குப் பொண்ணு வேண்டாம்’னு போயிட்டாவ. பெர்சிஸ் மஸ்கட்டுக்குப் போயிட்டா. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை லீவுல வருவா. எங்க வீட்டுக்கும் வருவா. சோப்பு, தைலம், துண்டு எல்லாம் குடுப்பா. ‘வாங்க’ம்பா, ‘வாரேன்’ம்பா. மாமான்னு மட்டும் சொல்ல மாட்டா. நானும் அதைப் பெருசா எடுக்கலை.

அதுக்குப் பெறகு எங்க கோயில்ல யாரு ஓலை வாசிச்சாலும், அந்தக் கேள்வி வரும்போது ஒருத்தரும் பாட்டுப் புஸ்தகத்தைப் பாக்கிறது கெடையாது. மொத்த சனமும் திரும்பி என்னையத்தான் பாக்கும். நான் அதை ஒரு மரியாதைன்னுதான் நினைச்சிட்டு இருந்தேன்.

டாக்டர் எல்லாத்தையும் கேட்டுட்டுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. ‘நூத்திப் பதினாலுல இது இல்லையே மாஸ்டர்’ன்னாரு. ‘இது பாவத்துல வராது சார், இது நடவடிக்கை’ன்னேன். நோட்டை மூடி என் கையில குடுத்தாரு. ‘நாம எழுதுற சின்னப் பாவம் பலதும், எழுதாத ஒண்ணுக்குப் போட்ட திரை’ன்னாரு. அவ்வளவுதான். மெதுவாத்தான் சொன்னாரு. மங்களராஜ் மாதிரி ஆளுகிட்ட சொன்னா காதுல விழுந்திருக்காது.

வீட்டுக்கு நடந்தே வாரேன். சைக்கிளைக் குருமனையிலயே விட்டுட்டு வந்திருக்கேன், அது கூடத் தெரியல. அந்தப் பிள்ளை வாழ்க்கையை நான்தான் கெடுத்திருக்கேன் அண்ணாச்சி. யாரோ இல்ல, டீக்கடைக்காரன் இல்ல, நான். பன்னெண்டு வருசம் ஒரு நாள் கூட எனக்கு அது தோணலை.

மறுநாளே டாக்டர்கிட்ட போயி, என்ன செய்யணும்னு கேட்டேன். ‘தனியாப் போங்க. யாரும் பாக்கக் கூடாது. மூணே வாக்கியம். நான் செஞ்சது தப்பு. உனக்கு ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டேன். மன்னிச்சிரும்மா. பதிலுக்குக் காத்து நிக்காம வந்துருங்க’ன்னாரு. தெளிவாத்தான் சொன்னாரு.

ஆனா நான் யோசிச்சேன். அவரு புஸ்தகத்துல படிச்சவரு, கிரவுண்டுல நின்னவரு இல்ல. கிரவுண்டுல ஃபவுல் பண்ணுனா கிரவுண்டுலதான விசில் ஊதணும்? டிரெஸ் மாத்துற ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயா ஊதுவாவ? நான் அந்தப் பிள்ளையை அவமானப்படுத்துனது நானூறு பேரு முன்னால. மன்னிப்பை ரகசியமாக் கேட்டா நியாயமா? சொல்லுங்க. நீங்களும் தலையாட்டுதிய பாருங்க.

அப்பத்தான் பெர்சிஸ் மஸ்கட்ல இருந்து லீவுல வந்திருந்தா, மறுபடியும் வரன் கூடியிருந்துது. மாப்பிள்ளை கிளமெண்ட், நாகர்கோவில் பக்கம், லேப்ல வேலை, மொதச் சம்சாரம் தவறிப்போச்சி. தங்கமான மனுசன். ஈஸ்டர் கழிஞ்சி ஓலை, மே மாசம் கல்யாணம். இந்தத் தடவை லில்லி மூணு தடவை வந்தா அண்ணாச்சி. மூணு தடவையும் வாசல்லயே நின்னு, ஒரே மாதிரி சொல்லிட்டுப் போனா. மூணாவது தடவை எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.

மொத ஓலை முடிஞ்சுது. ரெண்டாவது ஓலை முடிஞ்சுது. மூணாவது ஓலைக்கு வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போனேன், ஸ்போர்ட்ஸ் டேக்குப் போடுறது. மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தி அன்னைக்கு வந்திருந்தாவ, கோயிலைப் பாத்து அலங்காரத்துக்குச் சொல்லிட்டுப் போவணும்னு. மாப்பிள்ளைக்கு அம்மா கெடையாது, அத்தைதான் எல்லாம். முன் பெஞ்சுல பட்டுச்சேலையில உக்காந்திருக்காவ. ஐயர் வாசிச்சாரு. கேள்வியைக் கேட்டாரு.

நான் எந்திரிச்சேன்.

அண்ணாச்சி, நானூறு பேரு ஒண்ணா மூச்சை இழுத்த சத்தத்தை நீங்க கேட்டிருக்க மாட்டிய. லில்லி, ‘அண்ணே, வேண்டாம்ணே!’ன்னு ஒரு சத்தம் போட்டா. மங்களராஜ் பெஞ்சைத் தாண்டிப் பாய்ஞ்சு வந்து என் சட்டையைப் பிடிச்சிட்டான். நான் கையைத் தூக்கி, ‘பயப்படாதிய, இது தடை இல்ல, மன்னிப்பு’ன்னேன். எங்க கோயில்ல எதிரொலி ஜாஸ்தி. பின்னால இருக்கிறவங்களுக்கு ‘தடை’ன்னு மட்டும்தான் போயிருக்கு. ஒரு அம்மா மயங்கிட்டாவ.

நான் அசரலை. சொல்ல வந்ததைச் சொன்னேன். ஆனா ஒரு விசயத்தைச் சொன்னா முழுசாச் சொல்லணும்லா? பன்னெண்டு வருசத்துல எத்தனை பேரு புதுசா கல்யாணம் முடிச்சி நம்ம சபைக்கு வந்திருக்காவ, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால அடியில இருந்து சொன்னேன். பழைய மாப்பிள்ளை பேரு, ஊரு, தேதி, நான் என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன். அதே சத்தத்துல ஒரு தடவை சொல்லிக் காட்டுனேன், அப்பத்தான பாவத்தோட கனம் தெரியும்? இருவத்தஞ்சு நிமிசம். கடைசியில டாக்டர் சொன்ன மூணு வாக்கியத்தையும் விடலை. சொல்லி முடிச்சிட்டு நின்னேன். யாராவது ஒரு ஆமென் சொல்லுவாவன்னு பாத்தேன். ஃபேன் சத்தம்தான் கேட்டுது.

அந்த அமைதியில மாப்பிள்ளையோட அத்தை பக்கத்துல இருந்த பொம்பளைகிட்ட கேக்காவ, ‘இந்தப் பிள்ளைக்கு இதுக்கு முந்தி ஒரு கல்யாணம் நின்னுதா?’ன்னு.

அவங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? யாரும் என்கிட்ட சொல்லலையே!

அப்போ பொம்பளையள் பக்கத்துல இருந்து பெர்சிஸ் எந்திரிச்சா. அழலை. நர்ஸ் பேசுவாங்கள்லா, அந்த மாதிரி ஒரு பேச்சு. ‘ஐயா, தடை ஒண்ணும் இல்ல. வாசிச்சி முடிங்க’ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டா. அத்தை, மத்தியானத்துக்கு லில்லி ஆக்கி வச்ச பிரியாணியைத் தொடாமக் கார்ல ஏறிப் போயிட்டாவ. போற வழியில, ‘யோசிச்சிச் சொல்லுதோம்’னு போன்.

ஒரு வாரம் இழுத்துது. கல்யாணம் உண்டா இல்லையான்னு ஊரே எங்க தெருவைப் பாத்துட்டு இருந்துது. லில்லி வீட்டுல அடுப்பு எரியல. நான் தெருவுல போனா கதவைச் சாத்துதாவ. எனக்கு ரொம்ப மனவருத்தம். நானூறு பேரு முன்னால ஒரு மனுசன் தன்னைத் தாழ்த்துறது லேசுப்பட்ட காரியமா? ஒருத்தராவது, ‘மாஸ்டர், நீங்க செஞ்சது பெரிய விசயம்’னு சொல்லணுமா இல்லையா? டாக்டருக்குப் போனைப் போட்டு அழுதேன். முழுசாக் கேட்டாரு. பெறகு, ‘மாஸ்டர், மூணு வாக்கியம்னுதானே சொன்னேன்’ன்னாரு. ‘அந்த மூணும் அதுக்குள்ள இருந்துச்சி சார்’ன்னேன். ‘இருந்திருக்கும்’ன்னாரு.

எட்டாம் நாள் கிளமெண்ட் பைக்ல தனியா வந்தாரு. லில்லி வீட்டு வாசல்ல நின்னு, நாலு பேரு கேக்கச் சொன்னாராம், ‘எனக்கு மொத நாள் போன்லயே பெர்சிஸ் எல்லாம் சொல்லிட்டா. அத்தைக்குத்தான் தெரியாது. அத்தை வந்தாலும் வராட்டாலும் கல்யாணம் உண்டு.’ பாருங்க, மனுசன்னா அவரு மனுசன். அத்தையும் பெறகு சமாதானம் ஆயிட்டாவ.

போன திங்கக்கிழமை, நான் வீட்டுல பேப்பர் வாசிச்சிட்டு இருக்கேன். பெர்சிஸ் வாரா. தனியா. நான் பதறி எந்திரிச்சி நாற்காலியை இழுத்துப் போட்டேன். உக்காந்தா. ‘மாமா’ன்னா.

பன்னெண்டு வருசத்துக்குப் பெறகு. எனக்கு அடுத்து அவ என்ன சொன்னான்னு கொஞ்ச நேரம் காதுலயே ஏறலை.

‘மாமா, நீங்க மன்னிப்புக் கேட்டியள்லா, அது எனக்குப் போதும். நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். இல்லன்னா மஸ்கட்ல ஒரு நாள் கூட என்னால தூங்கியிருக்க முடியாது. இப்போ நீங்க எனக்கு ஒண்ணு செய்யணும். கல்யாணத்தன்னைக்குக் கோயிலுக்கு வராதிய.’

நான் கொதிச்சிட்டேன். தாய்மாமன் வராமக் கல்யாணமா? அப்போ உன் மனசுல இன்னும் கோவம் இருக்குன்னேன்.

‘கோவம் இல்ல மாமா. ஐயர் கல்யாணத்தன்னைக்கும் அந்தக் கேள்வியை ஒரு தடவை கேப்பாருல்லா. அந்த நேரம் அம்மா என்னையப் பாக்க மாட்டா. உங்களைத்தான் பாத்துட்டு இருப்பா. நீங்க எந்திரிச்சிருவியளோ எந்திரிச்சிருவியளோன்னு உங்களையே பாத்துட்டு இருப்பா. பன்னெண்டு வருசமா அவளுக்கு அதுதான் கனவு. நான் தாலி கட்டிக்கிடும்போது அம்மா என்னையப் பாக்கணும் மாமா. அவ்வளவுதான்.’

அவ்வளவுதான் சொன்னா. காப்பி குடிச்சா, தம்ளரைக் கழுவி வச்சா, போயிட்டா.

நான் அன்னைக்குப் பூரா யார்கிட்டயும் பேசலை. நான், பேசலை! எங்க வீட்டுக்காரி நெத்தியில கை வச்சிப் பாத்தா. டாக்டருக்குக் கூட போன் போடலை. என்ன சொல்லுவாருன்னு எனக்கே தெரிஞ்சிட்டு. நான் இருக்கிற எடத்துல என் தங்கச்சிக்கு மூச்சுவிட எடம் இல்ல.

சரி, வீட்டுலயே இருந்துரலாம்னுதான் மொதல்ல நினைச்சேன். எங்க வீடு கோயிலுக்கு நாலு வீடு தள்ளி. மணி அடிச்சா காலு தானாப் போயிரும், என்னைய எனக்குத் தெரியும். அதான் வீட்டுக்காரியை மட்டும் கல்யாணத்துக்கு அனுப்பிட்டு, காலையிலயே பஸ் ஏறிட்டேன். பெர்சிஸ் சொன்னது கோயிலுக்கு வராதியன்னு மட்டும்தான். ரெண்டு மாவட்டம் தாண்டுறது என் சொந்த யோசனை. இந்த அளவுக்கு எங்க சபையில யாரும் போயிருக்க மாட்டாவ. மங்களராஜ் பக்கத்து ஊருக்குக் கூடப் போவ மாட்டான்.

என்ன? இதையும் ஒரு பெருமையாச் சொல்லுதேனா? நீங்க டாக்டர் மாதிரியே கேக்கிய அண்ணாச்சி. இருக்கும். ஒரு கரி தேய்ச்சா இன்னொரு கரி தெரியத்தான் செய்யும். உங்ககிட்ட சொல்லாம வந்திருக்கலாம். ஆனா இவ்வளவு தூரம் வாயை மூடிட்டு வாரது எனக்கு அடுத்த லெந்துக்குத்தான் முடியும்.

என்ன, பையை எடுக்கிய? ஆலங்குளம் வந்துட்டா? நீங்க இங்கதான் இறங்கணுமா?

மணி என்ன அண்ணாச்சி? பதினொண்ணுக்கு ரெண்டு நிமிசமா. பொண்ணு வர எப்படியும் கால் மணி லேட்டு. மொதப் பாட்டு இப்பத்தான் முடிஞ்சிருக்கும். சனம் உக்காந்திருக்கும். ஐயர் முன்னால வந்து நின்னிருப்பாரு. லில்லி முன் பெஞ்சுல... லில்லி இப்போ எங்க பாக்கான்னு நினைக்கிய?

கண்டக்டர்! வண்டியை எடுத்துராதிய, இங்க ஒரு ஆளு இறங்கணும்! அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. நான் வழியை மறிச்சிட்டு இருக்கேன், தெரியுது. ஒரே ஒரு நிமிசம் பொறுங்க. அங்க இப்பத்தான் அந்தக் கேள்வியைக் கேப்பாரு. இப்போ மட்டும் என்னைய எந்திரிக்கச் சொல்லாதிய.